ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை: பெங்களூருவில் பிறந்த பிள்ளை, ஓசூரில் யூகேஜி, இனி காரிமங்கலத்தில் அரசுப் பள்ளி

காரிமங்கலம்_அம்மா கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மகளை 2026-27-ல் காரிமங்கலம் பக்கம் எங்க ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்க்கணும். பிறந்த தேதி 9-8-2020. பிறந்தது பெங்களூருவில். பிறப்புச் சான்றிதழ் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் இருக்கு, ஆனா அதுல பிள்ளை பெயர் கிடையாது, அப்பா அம்மா பெயர் மட்டும்தான். ஆதார் மூணு வயசுல எடுத்த நீலக் கார்டு. அதுல பிள்ளை பெயருக்குப் பின்னாடி அவங்க அப்பா பெயர் முழுசா இருக்கு. இப்போ ஓசூரில் ஒரு தனியார் பள்ளியில் யூகேஜி. ஃபீஸ் கொஞ்சம் பாக்கி இருக்கு, கட்டினாத்தான் டிசி (மாற்றுச் சான்றிதழ்) தருவோம்னு சொல்லிட்டாங்க. சாதிச் சான்றிதழ் இன்னும் எடுக்கலை.

வயசு சரியா வருமா, டிசி இல்லாம சேர்ப்பாங்களா, பெயர் குழப்பத்தை எங்கே சரி செய்யறது, தமிழ் வழி எடுக்கறதா ஆங்கில வழி எடுக்கறதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ராயக்கோட்டை_ரோடு:

ஆறு வயசு முடிஞ்சிருக்கணுமே, இப்போ அதுதானே ரூல்? ஓசூரில் சிபிஎஸ்இ பள்ளியில் அப்படித்தான் சொல்றாங்க. ஒரு வருஷம் கழிச்சு சேருங்க.

பழைய_ஹெச்எம்:

ராயக்கோட்டை ரோடு தம்பி சொல்வது நம் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளுக்குப் பொருந்தாது. ஆறு வயது என்பது புதிய கல்விக் கொள்கை வழியாக வந்தது. கேந்திரிய வித்யாலயாவில் மார்ச் 31 அன்று ஆறு முடிந்திருக்க வேண்டும் என்று கண்டிப்பாகப் பார்ப்பார்கள், சிபிஎஸ்இ பள்ளிகள் சிலவும் அப்படியே. தமிழ்நாட்டில் ஜூலை 31 அன்று ஐந்து வயது முடிந்திருந்தால் போதும். 2026 ஜூலை 31-ல் இந்தப் பிள்ளைக்கு ஐந்து வயதும் பதினோரு மாதமும் முடிந்து சில நாள் ஆகியிருக்கும். தாராளமாகச் சேரலாம். ஒரு வருடம் வீட்டில் வைத்திருக்க எந்தக் காரணமும் இல்லை.

அம்மா, வயது உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. பெயர்தான் பிரச்சினை. நீங்கள் கேட்டவற்றில் அதைத்தான் முதலில் கையில் எடுக்க வேண்டும்.

ஒன்றாம் வகுப்பில் சேரும் அன்று சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவார்கள். பெயர், முன்னெழுத்து, பெற்றோர் பெயர், பிறந்த தேதி எண்ணாலும் எழுத்தாலும், சாதி, தாய்மொழி, பயிற்று மொழி. அந்த ஒரு வரிதான் ஐந்தாம் வகுப்பு டிசி-க்குப் போகும். அந்த டிசி-யைப் பார்த்து ஆறாம் வகுப்பில் எழுதுவார்கள், பிறகு பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், அங்கிருந்து பாஸ்போர்ட், வேலை விண்ணப்பம். முதலாம் வகுப்பில் இருக்கும்போது பிறப்புச் சான்றிதழைக் காட்டித் திருத்துவது எளிது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வந்த பிறகு திருத்துவது என்றால் அலைச்சல்தான். நம் தாத்தா பாட்டிகளில் பாதிப் பேருக்கு மே, ஜூனில் பிறந்த நாள் இருப்பது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். அன்றைய வாத்தியார் வயதுக்குத் தோதாக ஒரு தேதியைப் போட்டுவிடுவார். இன்று அப்படி யாராவது "போட்டுக்கலாம்" என்றால் சம்மதிக்காதீர்கள், பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் பதிவு) மோதிக்கொள்ளும்.

விண்ணப்பம் நிரப்பும்போது நடக்கும் பிழைகள் அதே நாலைந்துதான், திரும்பத் திரும்ப நடக்கும். 9-8-2020 என்பதை ஒருவர் 8-9-2020 என்று பதிவார், இரண்டுமே செல்லுபடியாகும் தேதி என்பதால் கம்ப்யூட்டரும் ஏற்றுக்கொள்ளும். (பிறந்த நாள் 25 என்றால் இந்தச் சிக்கல் வராது, இருபத்தைந்தாம் மாதம் என்று ஒன்று இல்லையே.) அதனால் தேதியை எழுத்தால் எழுதும் கட்டத்தில் நீங்களே "ஒன்பது ஆகஸ்ட் இரண்டாயிரத்து இருபது" என்று எழுதிக் கொடுங்கள். அடுத்தது முன்னெழுத்து. தமிழில் "மு" என்று ஒரு தாளிலும் ஆங்கிலத்தில் "எம்" என்று இன்னொரு தாளிலும் இருப்பது தவறில்லை, ஆனால் ஒரு தாளில் முன்னெழுத்தே இல்லாமலும் இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாகவும் இருப்பதுதான் பின்னால் வம்பு. மூன்றாவது ஆங்கில எழுத்துக்கூட்டல். தீபிகா என்ற பெயரை டி-க்குப் பின் ஹெச் போட்டும் எழுதலாம், போடாமலும் எழுதலாம், இரண்டு "இ" போட்டும் எழுதலாம். வீட்டில் உட்கார்ந்து ஒரே ஒரு கூட்டலை முடிவு செய்து ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இ-சேவையிலும் பள்ளியிலும் அந்தத் தாளையே காட்டுங்கள். வாயால் சொல்லாதீர்கள்.

அப்பா பெயரும் அப்படித்தான். ரேஷன் கார்டில் ஒன்று, அவருடைய ஆதாரில் ஒன்று என்றால் ஆதாரில் உள்ளபடியே எழுதுங்கள். ஊரில் கூப்பிடும் பெயர் வேண்டாம்.

சேர்த்து முடித்ததும் பதிவேட்டின் அந்த வரியைக் காட்டச் சொல்லிப் படித்துப் பாருங்கள். எந்தத் தலைமையாசிரியரும் கோபித்துக்கொள்ள மாட்டார். பெற்றோர் கையெழுத்து போடும் இடமே அங்கேதான் இருக்கிறது. படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

இசேவை_பாலக்கோடு:

ஹெச்எம் ஐயா சொன்னதுக்கு அப்படியே தொடர்ச்சி. மேடம், வரிசை முக்கியம். முதல்ல பிறப்புச் சான்றிதழ், அப்புறம் ஆதார், அப்புறம் சாதிச் சான்றிதழ். மாத்திப் பண்ணினா ரெண்டு தடவை அலையணும்.

பிறப்புச் சான்றிதழ்ல பெயர் சேர்க்கிறதை தருமபுரியில் பண்ண முடியாது. பிறப்பு எங்கே பதிவாச்சோ அந்தப் பதிவாளர்தான் சேர்க்கணும். உங்களுக்கு அது பெங்களூருவில் அந்த ஆஸ்பத்திரி இருக்கிற பகுதியோட பிறப்பு இறப்புப் பதிவாளர் அலுவலகம். சான்றிதழ் மேலேயே பதிவு எண்ணும் பதிவு செஞ்ச இடமும் இருக்கும், அதைப் பார்த்துட்டுப் போங்க. பதிவான தேதியிலிருந்து 12 மாசத்துக்குள்ளன்னா கட்டணம் இல்லாம பெயர் சேர்ப்பாங்க, அதுக்கு மேல 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணத்தோட சேர்க்கலாம். நீங்க அந்த ரெண்டாவது வகை. அப்பா அம்மா ரெண்டு பேர் ஆதார், பழைய சான்றிதழ் அசல் எடுத்துட்டுப் போங்க, முடிஞ்சா ரெண்டு பேருமே போங்க. ஒரு தடவை பெயர் ஏத்திட்டா அப்புறம் மாத்தறது கஷ்டம். அதனால முன்னெழுத்தோட எப்படி வரணும்னு முடிவு பண்ணிட்டே போங்க.

கன்னடத்தில் இருக்கேன்னு கவலை வேண்டாம். 1969-ம் வருஷப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி கொடுக்கிற சான்றிதழ் எந்த மாநிலத்துல கொடுத்தாலும் நாடு முழுக்கச் செல்லும். இங்கிலீஷ் பகுதி இருக்கிறதால மொழிபெயர்ப்பு, நோட்டரி எதுவும் தேவையில்லை. யாராவது நோட்டரி வேணும்னு சொல்லி காசு கேட்டா கொடுக்காதீங்க.

(தமிழ்நாட்டுலயே பிறந்த பிள்ளைங்களுக்கு இந்த அலைச்சல் குறைவு. 2018-லிருந்து பதிவானது ஆன்லைன்லயே இறக்கிக்கலாம். ஆனா அதுலயும் பெயர் சேர்க்காம விட்டவங்க நிறைய. கையில இருக்கிற சான்றிதழை இன்னிக்கே எடுத்துப் பாருங்க.)

அடுத்தது ஆதார். நீலக் கார்டுல பிள்ளையோட கைரேகை, கண் எதுவும் இருக்காது, போட்டோ மட்டும்தான். அஞ்சு வயசு முடிஞ்சதும் கைரேகையும் கண்ணும் புதுசாப் பதியணும், அது கட்டாயம், அஞ்சிலிருந்து ஏழு வயசுக்குள்ள பண்ணினா இலவசம். உங்க பிள்ளை இப்போ சரியா அந்த வயசுல இருக்கு. பெயர் சேர்த்த பிறப்புச் சான்றிதழ் வந்த பிறகு தாலுகா ஆபீஸ் ஆதார் மையத்துக்கோ போஸ்ட் ஆபீஸுக்கோ போய் கைரேகைப் பதிவும் பெயர்த் திருத்தமும் ஒரே நேரத்துல பண்ணிக்கோங்க. ஆதார்ல பெயரை வாழ்நாள்ல ரெண்டு தடவைதான் மாத்தலாம், பிறந்த தேதியை ஒரே தடவைதான். அவசரப்பட்டு இப்பவே ஒரு திருத்தம், சான்றிதழ் வந்ததும் இன்னொரு திருத்தம்னு பண்ணினா ரெண்டும் இப்பவே தீர்ந்துடும். நாளைக்குத் தேவைப்பட்டா வழியில்லை.

சின்னப் பிள்ளைங்க விரல் ரேகை சரியா விழாது. காலையில் போங்க, கையைக் கழுவித் துடைச்சு விடுங்க, மருதாணி போட்டிருந்தா அழிஞ்ச பிறகு போங்க. அழுதா கண் பதிவு ஆகாது, பசியோட கூட்டிட்டுப் போகாதீங்க.

சாதிச் சான்றிதழ் பள்ளியில் சேர்க்கக் கட்டாயமில்லை, ஆனா எடுத்து வெச்சுக்கறது நல்லது. பிசி, எம்பிசி-க்கு மண்டலத் துணை வட்டாட்சியர், எஸ்சி-க்கு வட்டாட்சியர், எஸ்டி-க்கு கோட்டாட்சியர். அப்பாவோட அல்லது அம்மாவோட சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, பிள்ளையோட ஆதார், போட்டோ இதெல்லாம் ஸ்கேன் பண்ணிப் போடணும். இ-சேவை கட்டணம் 60 ரூபாய். அரூர், சித்தேரி பக்கம் மலைவாழ் மக்களுக்குக் கோட்டாட்சியர் வரைக்கும் விசாரணை போறதால நாள் ஆகும். அவங்க ஒரு வருஷம் முன்னாடியே போட்டு வைக்கிறதுதான் சரி. மே, ஜூன்ல எல்லாரும் மொத்தமா வருவாங்க, அப்போ விஏஓ கையெழுத்துக்கே வாரக்கணக்கில் காத்திருக்கணும். இப்போ போட்டா கூட்டம் இல்லை. பாதிப் பேருக்கு ரிஜெக்ட் ஆகறது ரெண்டு காரணத்தால். ஸ்கேன் மங்கலா இருக்கிறது ஒண்ணு, அப்பா பெயர் அவரோட சாதிச் சான்றிதழ்ல ஒரு மாதிரியும் பிள்ளை ஆதார்ல ஒரு மாதிரியும் இருக்கிறது இன்னொண்ணு. மறுபடியும் பெயர்தான்.

காரிமங்கலம்_அம்மா:

ரொம்ப நன்றிங்க ஐயா, நன்றி அண்ணா. பெங்களூரு வேலை ஜூனுக்குள்ள முடியலைன்னா? டிசி பத்தியும் யாராவது சொல்லுங்க, அதுதான் பயமா இருக்கு.

வேப்பனஹள்ளி_டீச்சர்:

முடியலைன்னாலும் சேர்க்கலாம்மா. கல்வி உரிமைச் சட்டம் 14-வது பிரிவு, வயதுச் சான்று இல்லைன்னு எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு சொல்லுது. ஆஸ்பத்திரிப் பதிவு, அங்கன்வாடிப் பதிவு, அதுவும் இல்லைன்னா பெற்றோர் எழுதிக் கொடுக்கிற உறுதிமொழி, இதை வைத்துச் சேர்க்கலாம். உங்ககிட்ட தேதி தெளிவா இருக்கிற சான்றிதழே இருக்கு, பெயர்தானே இல்லை. அதைக் கொடுத்துச் சேர்த்துட்டு, பெயர் சேர்த்த நகலைப் பிறகு கொடுத்துடுங்க. ஆனா ஹெச்எம் ஐயா சொன்ன பெயர் முடிவு மட்டும் முன்னாடியே ஆகியிருக்கணும். ஆதாரும் அதே போலத்தான். 2018-ல் உச்ச நீதிமன்றம் பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயமில்லைன்னு சொல்லிடுச்சு. எமிஸுக்காகக் கேட்பாங்க, கொடுத்தா எல்லாருக்கும் வேலை எளிது, இல்லைன்னா சேர்க்கை நிற்காது. "பயிலும் பள்ளியிலேயே ஆதார்" திட்டத்தில் பள்ளிக்கே வந்தும் பதியறாங்க.

2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைங்களுக்குத்தான் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே ஆதாரம்னு சட்டம் மாறியிருக்கு. கைக்குழந்தை வைத்திருக்கிறவங்க இதைக் கவனிச்சுக்கோங்க.

இப்போ டிசி. ஒன்றாம் வகுப்பு என்பது பள்ளியோட முதல் வகுப்பு. அங்கன்வாடியிலிருந்து வர்ற பிள்ளைக்கு டிசி ஏது? அதனால டிசி இல்லாமலே புதுச் சேர்க்கையா எழுதலாம். காகித டிசி உங்களுக்குத் தடையே இல்லை. தடையா வரக்கூடியது எமிஸ். தனியார் பள்ளியில் எல்கேஜி, யூகேஜி படிச்ச பிள்ளைக்கும் எமிஸ் எண் போட்டிருப்பாங்க. அந்தப் பள்ளி பிள்ளையைத் தன் பட்டியலிலிருந்து விடுவிச்சு "காமன் பூல்"-க்கு (பள்ளி மாறுற பிள்ளைங்களோட பொதுப் பட்டியல்) அனுப்பணும். அங்கிருந்துதான் நாங்க இழுத்துச் சேர்க்க முடியும். கையில் டிசி தாள் இருந்தும் பழைய பள்ளி பூலுக்கு அனுப்பாம விட்டா எங்க பக்கம் பெயர் வராது. ஜூன் மாசம் பாதி நேரம் இதுக்கு ஃபோன் பண்றதிலேயே போகும்.

அதனால நீங்க செய்ய வேண்டியது, மகளோட எமிஸ் எண்ணை இப்பவே வாங்கி வைக்கிறது. ப்ராக்ரஸ் கார்டில் இருக்கலாம், இல்லைன்னா வகுப்பு ஆசிரியர்கிட்ட கேட்டா சொல்லுவாங்க. ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கு ஒரு கடிதம், "பிள்ளையை இந்த ஆண்டோடு வேறு பள்ளிக்கு மாற்றுகிறோம், எமிஸில் விடுவிக்கவும்"னு எழுதி, நகலில் தேதியோட கையெழுத்து வாங்கிக்கோங்க. நகல்ல கையெழுத்துப் போடலைன்னா பதிவுத் தபாலில் அனுப்புங்க.

ஃபீஸ் பாக்கி தனி விஷயம். கட்ட வேண்டியது கட்ட வேண்டியதுதான், அதை மறுக்கலை. ஆனா அதுக்காகப் பிள்ளையைப் பிடிச்சு வைக்க முடியாது. டிசி என்பது ஃபீஸ் வசூலிக்கிற கருவி இல்லை, அதில் பாக்கி இருக்குன்னு எழுதவும் கூடாதுன்னு 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாச் சொல்லியிருக்கு. விடுவிக்க மறுத்தா நீங்க சேர்க்கப் போற பள்ளி ஹெச்எம்-கிட்ட கடித நகலைக் கொடுங்க, அவங்க வட்டாரக் கல்வி அலுவலர் மூலமாக் கேட்பாங்க. நீங்களும் 14417-க்கு ஃபோன் பண்ணலாம், கல்வித் துறை உதவி எண்.

ஒண்ணே ஒண்ணு செய்யாதீங்க. "பழைய எமிஸ் வேண்டாம், புதுப் பிள்ளைன்னு புது எண் போட்டுடலாம்"னு யாராவது சுலப வழி சொன்னா ஒத்துக்காதீங்க. ஒரே ஆதாருக்கு ரெண்டு எண் ஆகி, பின்னாடி எதை நீக்குறதுன்னு ஒன்றிய அளவில் உட்கார்ந்து பார்க்கணும். அதுவரைக்கும் பிள்ளை பெயர் சில பட்டியல்ல வராது.

எமிஸில் கொடுக்கிற கைபேசி எண்ணும் முக்கியம். அதுக்கு ஓடிபி வரும். அப்பா பெங்களூருவில் வேலையில் இருந்து அவர் எண்ணைக் கொடுத்தா, நாங்க இங்கே ஸ்கூலில் உட்கார்ந்து அவர் ஃபோன் எடுக்கிற வரைக்கும் காத்திருக்கணும். பிள்ளையோட ஊரில் இருக்கிறவங்க எண்ணைக் கொடுங்க, அடிக்கடி மாத்தாத எண்ணா இருக்கட்டும்.

மத்தூர்_சிவா:

இடையில் ஒரு கேள்வி. பையன் பிறந்தது 6-8-2021. ஆறு நாள்தான் தள்ளியிருக்கு. எப்படியாவது இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் போட முடியுமா? அப்புறம் கல்வி உரிமைச் சட்டத்தோட 25 சதவீத இலவச ஒதுக்கீட்டில் எங்க பக்கத்து மெட்ரிக் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு அப்ளை பண்ணலாமா?

பழைய_ஹெச்எம்:

தம்பி, முடியாது. ஜூலை 31 என்றால் ஜூலை 31. ஆறு நாளுக்காகத் தேதியை மாற்றுவதற்கும் வழி தேடாதீர்கள். யூகேஜி-யில் விடுங்கள். அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்து எல்கேஜி, யூகேஜி நடக்கும் இடங்கள் மாநிலம் முழுக்க 2,381 உண்டு, 2019-ல் தொடங்கியது. உங்கள் ஒன்றியத்தில் எது அருகில் என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பிலேயே வயதில் சின்னப் பிள்ளையாக இருந்து திணறுவதைவிட மூத்த பிள்ளையாக இருப்பது மேல்.

இசேவை_பாலக்கோடு:

25 சதவீத ஒதுக்கீட்டில் எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்கிற இடம் ஒண்ணு. அந்த இடம் பள்ளியோட ஆரம்ப வகுப்பில் மட்டும்தான். எல்கேஜி இருக்கிற பள்ளின்னா எல்கேஜி-யில்தான் இடம், ஒன்றாம் வகுப்பில் கிடையாது. எல்கேஜி இல்லாம ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்குற பள்ளியில்தான் ஒன்றாம் வகுப்பு இடம் இருக்கும், அது நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்திலும் கொஞ்சம்தான். சிறுபான்மைப் பள்ளிகள் இதில் வராது. சிவா, உங்க பையனுக்கு எல்கேஜி வயசும் தாண்டிடுச்சு, ஒன்றாம் வகுப்பு வயசும் வரலை. இந்த வருஷம் ரெண்டிலும் வழியில்லை.

மத்தவங்களுக்குச் சொல்றேன். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்கிற பள்ளி, நலிவடைந்த பிரிவுன்னா வருட வருமானம் 2 லட்சத்துக்குக் கீழ இருக்கிறதுக்கு வருமானச் சான்றிதழ், வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுன்னா சாதிச் சான்றிதழ். முகவரிச் சான்றும் வீட்டு இருப்பிடமும் வேற வேற ஊர்ல இருந்தா ரிஜெக்ட் ஆகும். ரேஷன் கார்டு பென்னாகரத்தில், குடியிருப்பு ஓசூரில்னு இருக்கிறவங்க முகவரியை முதல்ல மாத்துங்க. விண்ணப்பம் இடத்தை விட அதிகமா இருந்தா குலுக்கல். வழக்கமா ஏப்ரல், மே-யில் நடக்கும். 2025-ல் மத்திய அரசு நிதி விவகாரத்தால் அக்டோபருக்குப் போயிடுச்சு. அதனால இதை மட்டும் நம்பிக் காத்திருக்காதீங்க.

தனியார் பள்ளியில் காசு கொடுத்துச் சேர்க்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ நுழைவுத் தேர்வு, இன்டர்வியூ வைக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 13-வது பிரிவுப்படி முதல் தடவை 25,000 ரூபாய் வரைக்கும், அப்புறம் ஒவ்வொரு தடவைக்கும் 50,000 வரைக்கும் அபராதம். நன்கொடை வாங்கினா வாங்கினதுக்குப் பத்து மடங்கு.

காரிமங்கலம்_அம்மா:

தமிழ் வழி, ஆங்கில வழி கேட்டிருந்தேனே. எங்க ஊர்ப் பள்ளியில் ரெண்டும் இருக்குன்னு சொல்றாங்க. மொத்தமே 40 பிள்ளைங்க இருக்கும்.

வேப்பனஹள்ளி_டீச்சர்:

40 பிள்ளைன்னா சட்டக் கணக்குப்படி ரெண்டு ஆசிரியர். (60 வரைக்கும் ரெண்டு, 61 ஆனா மூணு.) அஞ்சு வகுப்பு, ரெண்டு ஆசிரியர், அதில் ஒருத்தர் ஹெச்எம். அவங்களுக்குக் கூட்டம், பதிவேடு, எமிஸ் எல்லாம் இருக்கு. அந்தப் பள்ளியில் ஒன்று, ரெண்டு, மூணு ஒரே அறையில்தான் உட்காரும். தமிழ் வழிப் பிள்ளையும் ஆங்கில வழிப் பிள்ளையும் அதே பாயில்தான். கையில் இருக்கிற கணக்குப் புத்தகம் மட்டும் வேற. அதனால "ஆங்கில வழி இருக்கா"ன்னு கேட்காதீங்க, "ஆங்கில வழிக்குத் தனி அறை, தனி ஆசிரியர் இருக்காங்களா"ன்னு கேளுங்க. இல்லைன்னா தமிழ் வழிதான் என் பரிந்துரை. ஆங்கிலம் ஒரு பாடமா ரெண்டு வழியிலும் உண்டு. வீட்டில் தமிழ் பேசுற பிள்ளைக்குக் கூட்டல் கழித்தலைப் புரியாத மொழியில் சொல்றதில் என்ன லாபம்?

இன்னொரு கணக்கும் இருக்கு, பல பேருக்குத் தெரியாது. அரசு வேலையில் தமிழ் வழியில் படிச்சவங்களுக்கு 20 சதவீதம் முன்னுரிமை. 2020-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினாங்க. வேலைக்கான கடைசிப் படிப்பு மட்டும் தமிழ் வழியில் இருந்தாப் போதாது, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியா இருக்கணும். அதாவது இப்போ விண்ணப்பத்தில் "பயிற்று மொழி" கட்டத்தில் நீங்க போடுற டிக், இருபது வருஷம் கழிச்சுப் பார்க்கப்படும். தமிழ் வழியில் படிச்ச பிள்ளைக்கு எமிஸில் தவறுதலா ஆங்கில வழின்னு இருந்தா, அப்போ சான்றிதழ் கேட்டு வந்து நிற்கும்போது அன்றைய ஹெச்எம் பதிவேட்டைப் பார்த்துத்தான் எழுத முடியும். ஆண்டுக்கு ஒரு தடவை வகுப்பாசிரியர்கிட்ட எமிஸில் பயிற்று மொழி என்ன இருக்குன்னு பார்க்கச் சொல்லுங்க.

அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கான மருத்துவப் படிப்பு 7.5 சதவீத ஒதுக்கீடு, கல்லூரி போற பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் இதுக்கெல்லாம் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும்தான் கணக்கு. தொடக்கப் பள்ளியை அதுக்காக முடிவு பண்ண வேண்டியதில்லை.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறவங்களுக்கு: வேப்பனஹள்ளி, சூளகிரி, தளி, ஓசூர் பக்கம் தெலுங்கு, கன்னட, உருது வழிப் பள்ளிகளும் உண்டு. அங்கே சேர்த்தாலும் 2006-ம் வருஷத் தமிழ் கற்றல் சட்டப்படி தமிழ் ஒரு பாடமாப் படிக்கணும். வீட்டில் தெலுங்கு பேசுற பிள்ளையைத் தமிழ் வழியில் சேர்த்தா முதல் ரெண்டு மூணு மாசம் வாயே திறக்காது. பயப்படாதீங்க, அதட்டாதீங்க. விண்ணப்பத்தில் தாய்மொழி கட்டத்தில் உண்மையைப் போடுங்க. "தமிழ்னு போட்டாத்தான் நல்லது"ன்னு மாத்திப் போட்டா, பிள்ளை ஏன் பேசலைன்னு ஆசிரியருக்கே புரியாமப் போகும்.

மத்தூர்_சிவா:

டீச்சர், எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்துட்டு அனுப்பணுமா?

வேப்பனஹள்ளி_டீச்சர்:

வேண்டாம். "எண்ணும் எழுத்தும்" திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிச்சு, தெரியாத பிள்ளையிலிருந்துதான் ஆரம்பிக்கிறோம். நீங்க சொல்லிக் கொடுக்க வேண்டியது வேற. கழிப்பறைக்குப் போகணும்னா கேட்கிறது, தானே கால்சட்டையை அவிழ்த்துப் போடுறது, தண்ணி பாட்டில் மூடி திறக்கிறது, தட்டில் தானே சாப்பிடுறது, தன் முழுப் பெயரும் அம்மா பெயரும் ஊர்ப் பெயரும் சொல்றது. இடுப்பில் கயிறு, கொக்கி, பெல்ட் இருக்கிற உடுப்பு போட்டு அனுப்பாதீங்க, எலாஸ்டிக் போதும். ஒரே ஆசிரியர் முப்பது பிள்ளைக்கு அவிழ்த்துக் கட்டிக்கிட்டு இருக்க முடியாது.

காரிமங்கலம்_அம்மா:

கடைசியா ஒண்ணு. எப்போ போகணும், கையில் என்னென்ன எடுத்துட்டுப் போகணும்? சீருடை நாங்களே வாங்கணுமா?

பழைய_ஹெச்எம்:

பள்ளி திறக்கும் ஜூன் வரை காத்திருக்க வேண்டாம். 2024, 2025 இரண்டு ஆண்டும் மார்ச் 1-லேயே அரசுப் பள்ளிகளில் சேர்க்கை தொடங்கியது. ஏப்ரலில் ஒரு நாள் பள்ளி வேலை நேரத்தில், மதிய உணவுக்குப் பிறகு போங்கள். காலையில் போனால் வகுப்பை நிறுத்திவிட்டு உங்களுக்கு எழுத வேண்டியிருக்கும். பிள்ளையையும் கூட்டிப் போங்கள், அந்த இடத்தை ஒரு தரம் பார்த்துக்கொள்ளட்டும். பிறப்புச் சான்றிதழ் அசலும் இரண்டு நகலும், பிள்ளை, அப்பா, அம்மா மூவர் ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், சாதிச் சான்றிதழ் இருந்தால் அது, பாஸ்போர்ட் அளவு போட்டோ நாலு, எமிஸ் எண் எழுதிய சீட்டு, பழைய பள்ளிக்குக் கொடுத்த கடித நகல். அசல்களைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், பள்ளியில் விட்டு வராதீர்கள்.

தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். ஐந்திலிருந்து ஆறு வயதுக்குள் போட வேண்டிய டிபிடி இரண்டாம் பூஸ்டரைப் பல பேர் விட்டுவிடுகிறார்கள். புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுவிடலாம். ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் வரலாம், அதனால் பள்ளி திறக்கும் வாரத்தில் வேண்டாம், மே மாதமே முடித்துவிடுங்கள்.

சீருடை வாங்க வேண்டாம். சத்துணவு சாப்பிடும் பிள்ளைக்கு ஆண்டுக்கு நாலு செட் வரும், பாடப்புத்தகம், நோட்டு, பை, காலணி, வண்ணக் கிரேயான் எல்லாம் பள்ளியிலேயே. சீருடை தவணை தவணையாக வரும், முதல் செட் பெரும்பாலும் தொளதொளவென்று இருக்கும். உள்ளூர் தையல்காரரிடம் இடுப்பையும் கை நீளத்தையும் பிடிக்கச் சொல்லுங்கள், துணியை வெட்ட விடாதீர்கள், மார்கழிக்குள் பிள்ளை வளர்ந்துவிடும். அதுவரை கலர் உடுப்பில் அனுப்பலாம். காலை உணவு பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே போட்டுவிடுவார்கள். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று. அது வேண்டுமென்றால் மணிக்கு அரை மணி நேரம் முன்பே பிள்ளை அங்கே இருக்க வேண்டும், தட்டும் டம்ளரும் பையில் வைத்து விடுங்கள்.

இசேவை_பாலக்கோடு:

அந்தத் தட்டு, டம்ளர், பாட்டில் எல்லாத்துலயும் பிள்ளை பெயரை முன்னெழுத்தோட எழுதிடுங்க மேடம். இதுக்கு மட்டும் எந்தக் கூட்டல்ல எழுதினாலும் பரவாயில்லை :)